பாஞ்சோவும் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரும்: ஸாக் வைல்டின் 'ப்ரைட் அண்ட் க்ளோரி'

கேள்வி: ஓஸி ஆஸ்போர்னின் 'நோ மோர் டியர்ஸ்' ஆல்பம் வழியாக ஸாக் வைல்டின் கிதாருக்கு ரசிகனானேன். அவருடைய 1994 ஆல்பமான 'ப்ரைட் அண்ட் க்ளோரி'யைப் போட்டால், முதல் பாட்டே பாஞ்சோ என்ற நாட்டுப்புற நரம்புக் கருவியில் தொடங்குகிறது. ஒரு மெட்டல் கலைஞர் எதற்காக அமெரிக்கத் தென் மாநிலங்களின் சதர்ன் ராக் பக்கம் போனார்? இந்தக் கலவை சரியாக வந்திருக்கிறதா?

பதில்:

வந்திருக்கிறது என்பது என் முடிவு, எல்லாப் பாட்டிலும் இல்லை என்றாலும். ஆனால் 'போனார்' என்று நீங்கள் எழுதியிருப்பதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு. ஸாக் அந்தப் பக்கம் திடீரென்று போகவில்லை. நீங்கள் ரசித்த அந்த ஓஸி ஆல்பத்திலேயே அவர் பாதி அங்கேதான் இருந்தார்.

1987-இல் அவர் ஓஸியின் குழுவில் சேர்ந்தபோது வயது 20. நியூஜெர்சிக்காரர். அவருக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர்கள் ராண்டி ரோட்ஸும் ஜேக் இ. லீயும். ரோட்ஸ் 1982-இல் விமான விபத்தில் இறந்தவர். மேற்கத்திய செவ்வியல் இசையின் சாயலை ஹெவி மெட்டல் கிதாருக்குள் கொண்டுவந்தவர் என்று இன்றும் கொண்டாடப்படுகிறவர். அந்தக் காலத்து இளம் மெட்டல் கிதார் கலைஞர்கள் பலரும் மூன்று பாதைகளில் ஒன்றில் போய்க்கொண்டிருந்தார்கள்: எடி வான் ஹேலனைப் போல இரண்டு கைகளாலும் கம்பியைத் தட்டி வாசிப்பது, யிங்வி மால்ம்ஸ்டீனைப் போல ஹார்மோனிக் மைனர் என்ற சுர வரிசையில் மின்னல் வேகம் காட்டுவது, அல்லது ரோட்ஸின் செவ்வியல் வழி. இந்த மூன்றையும் வேண்டுமென்றே ஒதுக்கியதைப் பற்றி ஸாக் பேட்டிகளில் பலமுறை பேசியிருக்கிறார். எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சியது பென்டடானிக் என்ற ஐந்து சுர அமைப்பு. கூடவே சுரத்தை அசைத்து ஒலிக்கவிடும் அகலமான வைப்ரேட்டோ, கம்பியைக் கீச்சிட வைக்கும் பிஞ்ச் ஹார்மோனிக், ஒவ்வொரு சுரத்தையும் 'பிக்' என்ற சிறு தகட்டால் தனித்தனியாக அடித்து வாசிக்கும் வலது கை. அந்த வேகத்தில் பெரும்பாலானவர்கள் பாதிச் சுரங்களை இடது கையாலேயே சமாளித்துவிடுவார்கள். ஸாக் அப்படிச் செய்வது குறைவு. அதனால்தான் அவர் வாசிப்பில் ஒவ்வொரு சுரமும் அடித்த மாதிரி கேட்கிறது.

இந்த ஐந்து சுர விஷயத்தைக் கொஞ்சம் பிரித்துச் சொல்கிறேன். ஆல்பத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ராக் கிதாரில் இரண்டு பென்டடானிக் உண்டு. மேஜர் பென்டடானிக்கின் சுரங்கள் நம் மோகனத்தின் சுரங்கள். மைனர் பென்டடானிக்கின் சுரங்கள் சுத்த தன்யாசியின் சுரங்கள். மோகனத்தின் தைவதத்தை ஆதாரமாக வைத்துக்கொண்டு பாடினால் சுத்த தன்யாசி வந்துவிடும் என்பது கிரகபேதம் தெரிந்தவர்களுக்குப் பழகிய சங்கதி. கிதார் கலைஞனுக்கும் அதே கதைதான்: விரல் வைக்கும் கட்டங்கள் ஒன்றே, எந்தச் சுரத்தை வீடாக நினைக்கிறான் என்பதில்தான் வித்தியாசம். மெட்டல் பெரும்பாலும் மைனரில் நிற்கும். சதர்ன் ராக் கிதார் கலைஞர்கள் ஒரே தனிவாசிப்பில் இரண்டுக்கும் இடையே போய்ப் போய் வருவார்கள்; ஆல்மன் பிரதர்ஸ் குழுவில் டிக்கி பெட்ஸ் மேஜரிலேயே பெரும்பாலும் குடியிருந்தார். அவர் வாசிப்பு அவ்வளவு வெளிச்சமாக இருப்பதற்கு அதுவே காரணம்.

மைனர் பென்டடானிக்கோடு ப்ளூஸ் இசை இன்னொரு சுரத்தைச் சேர்த்துக்கொள்கிறது. சுத்த மத்யமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவே இருப்பது, நம் கணக்கில் பிரதி மத்யமம். ப்ளூஸில் அது வழியில் தொட்டுவிட்டுப் போகும் சுரம். ஓஸி முதலில் பாடகராக இருந்த பிளாக் சாபத் குழுவின் முதல் ஆல்பம் 1970-இல் வந்தது; அதன் முதல் பாட்டில் கிதார் கலைஞர் டோனி அயோமி என்ன செய்தார்? தொட்டுவிட்டுப் போக வேண்டிய அந்தச் சுரத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டார். ஹெவி மெட்டலின் இருட்டு அங்கே பிறந்தது. சாபத் குழுவே 'எர்த்' என்ற பெயரில் பர்மிங்ஹாமில் ப்ளூஸ் வாசித்துக்கொண்டிருந்த நான்கு பையன்கள்தான். ஆக, ஜார்ஜியாவில் ஆல்மன் சகோதரர்களும் இங்கிலாந்தில் அயோமியும் கறுப்பின மக்களின் அதே ப்ளூஸிலிருந்து, கிட்டத்தட்ட ஒரே ஆண்டுகளில் புறப்பட்டு வெவ்வேறு திசையில் நடந்தவர்கள். அவர்கள் பிரிந்த இடத்துக்குத் திரும்பிப் போய் நின்று வாசிப்பதுதான் ஸாக்கின் 1994 ஆல்பம்.

சதர்ன் ராக்கை நீங்கள் அதிகம் கேட்டதில்லை என்று வைத்துக்கொண்டு சில வார்த்தைகள். ஆல்மன் பிரதர்ஸ் பாண்ட் 1969-இல் உருவாகி, ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரில் வேர்விட்டது. இரண்டு முன்னணி கிதார், இரண்டு டிரம்ஸ், ஹாமண்ட் ஆர்கன். டுவேன் ஆல்மன் ஒரு மருந்துக் குப்பியை விரலில் மாட்டிக்கொண்டு, அதைக் கம்பிமேல் வழுக்கவிட்டு ஸ்லைடு வாசித்தவர். 1971 அக்டோபரில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தபோது அவருக்கு 24 வயது. லினர்ட் ஸ்கினர்ட் குழு ஃப்ளோரிடாவின் ஜாக்சன்வில்லிலிருந்து வந்தது, மூன்று கிதார்களோடு. 1977 அக்டோபர் 20 அன்று அவர்கள் போன விமானம் மிசிசிப்பியில் விழுந்து பாடகர் ரானி வான் ஸான்ட் உட்பட ஆறு பேர் இறந்தார்கள். இந்த இரண்டு குழுக்களையும் கேட்காமல் ஸாக்கை முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது. இதை நான் அடித்தே சொல்வேன்.

இப்போது நீங்கள் ரசித்த 'நோ மோர் டியர்ஸ்' ஆல்பத்துக்குத் திரும்புங்கள். 1991-இல் வந்தது. அதில் 'மாமா, ஐயம் கமிங் ஹோம்' பாட்டின் தொடக்கத்தை மட்டும் தனியாகக் கேளுங்கள். ஒரு கம்பியை அசையாமல் ஒலிக்கவிட்டு, பக்கத்துக் கம்பியை மெல்ல இழுத்துச் சுரத்தை ஏற்றுகிறார். கன்ட்ரி இசையில் பெடல் ஸ்டீல் கிதார் செய்கிற வேலை அது. பாட்டின் வரிகளை எழுதியவர் மோட்டர்ஹெட் என்ற மெட்டல் குழுவின் லெம்மி. பாடியவர் மெட்டலின் தலைமகன். ஆனால் கிதார் கன்ட்ரி இசையின் ஊரான நாஷ்வில் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அடுத்த ஆண்டு பல கிதார் கலைஞர்களின் தொகுப்பு ஆல்பம் ஒன்றுக்காக 'ஃபார்ம் ஃபிட்லின்' என்று ஒரு துண்டு வாசித்தார். பிக் பிடித்த விரல்களோடு மற்ற விரல்களாலும் கம்பியைச் சுண்டி, கோழி கொத்துவது போன்ற 'சிக்கன் பிக்கின்' ஒலி எழுப்பும் கன்ட்ரி உத்தி அதில் முழுக்க முழுக்க. மெட்டல் ரசிகர்கள் பலர் அதை வேடிக்கை என்று நினைத்துத் தாண்டிப் போனார்கள். உண்மையில் அது வரப்போவதற்கு முன்னோட்டம்.

ஓஸியின் சுற்றுப்பயண வேலை ஓய்ந்த நேரங்களில் ஸாக் ஒரு குழு சேர்த்து வாசிக்கத் தொடங்கியிருந்தார். முதலில் வைத்த பெயர் 'லினர்ட் ஸ்கின்ஹெட்'; அதுவே பிறகு 'ப்ரைட் அண்ட் க்ளோரி' ஆனது. மனம் எங்கே இருந்தது என்பதற்கு அந்த முதல் பெயரே சாட்சி. பேஸ் கிதாரில் ஜேம்ஸ் லோமென்ஸோ, டிரம்ஸில் கிரெக் டி ஆஞ்சலோ. இருவரும் நியூயார்க்கின் ஒயிட் லயன் குழுவிலிருந்து வந்தவர்கள். பிறகு டி ஆஞ்சலோவின் இடத்துக்கு பிரையன் டிஷி வந்தார். 1993-இல் இன்னொன்று நடந்தது: டிக்கி பெட்ஸ் இல்லாத ஓர் இரவில் ஆல்மன் பிரதர்ஸ் மேடையில் அவர் இடத்தில் ஸாக் நின்று வாசித்தார். ஒரே ஒரு நிகழ்ச்சி. அது தொடரவில்லை, தொடர்ந்திருக்கவும் முடியாது என்றே நினைக்கிறேன். ஆல்மன் இசையில் ஒருவர் வாசிக்கும்போது மற்ற ஐந்து பேரும் கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும். இடம் விட வேண்டும். ஸாக்கின் இயல்பு இடத்தை நிரப்புவது. அவருக்குத் தன் குழுதான் தேவைப்பட்டது.

ஆல்பத்துக்கு வருவோம். கெஃபன் நிறுவனம் வெளியிட்டது. தயாரிப்பில் துணை நின்றவர் ரிக் பராஷர். பெர்ல் ஜாமின் 'டென்', பிளைண்ட் மெலனின் முதல் ஆல்பம் ஆகியவற்றில் வேலை செய்த சியாட்டில்காரர். எண்பதுகளின் மெட்டல் பதிவுகளில் டிரம்ஸ் ஏதோ பெரிய மண்டபத்துக்குள் வெடிப்பது போல எதிரொலிக்கும். இதில் அது கிடையாது. மூன்று பேர் ஓர் அறையில் வாசிக்கிற நெருக்கம் கேட்கிறது. பாட்டுகளைவிடவும் முதலில் என்னைப் பிடித்தது அந்த ஒலிதான்.

முதல் பாட்டு 'லூசின் யுவர் மைண்ட்'. பாஞ்சோ வருகிறது, வாசிப்பது ஸாக்கே. அப்புறம் மின் கிதார் உள்ளே நுழைகிறது. இங்கே கவனிக்க வேண்டியது: பாஞ்சோ வாசித்தது கன்ட்ரி, கிதார் வாசிப்பது மெட்டல் என்று அந்தப் பாட்டைக் கத்தியால் கூறுபோட முடியாது. அடித்தளத்தில் இருப்பது ஒரே ப்ளூஸ் எண்ணம். பாஞ்சோவில் மெலிதாக ஒலித்தது மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் கனமாக ஒலிக்கிறது, அவ்வளவே. பாஞ்சோ அலங்காரத்துக்கு ஒட்டிய துண்டாக இருந்திருந்தால் இரண்டாம் முறை கேட்கும்போதே சலித்திருக்கும். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அந்தப் பாட்டு நிற்கிறது.

'ஹார்ஸ் கால்ட் வார்' வேறு விதம். வேகமும் கனமும் சேர்ந்தது, ஆனால் குதிக்கிறது. மெட்டலில் வலது உள்ளங்கையைக் கம்பிகளின் மேல் அழுத்தி, ஒலியை நறுக்கி, நேர்க்கோட்டில் அணிவகுப்புப் போல அடிப்பார்கள். சதர்ன் ராக்கின் நடை அப்படி நேராகப் போகாது. ஒரு நொடி பின்னால் சாய்ந்து, துள்ளி, மறுபடி வந்து சேரும். இந்தச் சாய்வு டிரம்ஸ்காரர் கையில் இருக்கிறது. பிரையன் டிஷியை இந்த ஆல்பத்தின் மறைந்திருக்கும் நாயகன் என்பேன். அவர் இரட்டைப் பேஸ் டிரம்மில் ஓட்டியிருந்தால் இது இன்னொரு சாதாரண மெட்டல் ஆல்பமாகப் போயிருக்கும். லெட் செப்பலின் டிரம்ஸ் கலைஞர் ஜான் பொன்ஹாம் வழியில், அடிக்கும் அடிக்கும் நடுவே மூச்சு விடுகிறார். கிதார் எவ்வளவு கனமாக இருந்தாலும் பாட்டு கால்களை அசைக்க வைப்பதற்கு அவரே காரணம்.

'ஹார்வெஸ்டர் ஆஃப் பெய்ன்' பாட்டில் அயோமியின் பாதிப்பு முன்னால் நிற்கிறது. 'லவிங் வுமன்' அப்படியே கன்ட்ரி, அகூஸ்டிக் கிதாரோடு. 'ஸ்வீட் ஜீசஸ்' பியானோவில் பாடியது. ஸாக்குக்கு எல்டன் ஜான் மீது இருக்கும் பக்தி ஊரறிந்தது. குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓஸியின் கிதார் கலைஞராக மட்டுமே தெரிந்தவரை இதில்தான் உலகம் முழு நீளப் பாடகராகக் கேட்டது. ஆல்மன் பிரதர்ஸ் பாடகர் கிரெக் ஆல்மன் குரலின் கரகரப்பை மனதில் வைத்துப் பாடுகிறார் என்பது தெரிகிறது. சில இடங்களில் அந்தப் பாவனை துருத்துகிறது. மென்மையான பாட்டுகளில் பாவனை விலகி அவருடைய சொந்தக் குரல் வெளியே வருகிறது. 'க்ரை மீ எ ரிவர்' கேளுங்கள், தெரியும்.

மூவர் குழு என்பதை விட்டுவிடக் கூடாது. சதர்ன் ராக் கூட்டு இசை. இரண்டு அல்லது மூன்று கிதார்கள் ஒரே மெட்டை மூன்றாம் சுர இடைவெளியில் இணைந்து வாசிப்பதுதான் அதன் முகம். மேடையில் ஒரே ஒரு கிதார் வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. இந்தக் குறையை லோமென்ஸோவின் பேஸ் ஈடுகட்டுகிறது. திரும்பத் திரும்ப வரும் கிதார் வரியான ரிஃபுக்கு அடியில் சும்மா நிற்காமல் இரண்டாவது மெட்டாக நகர்ந்துகொண்டே இருக்கிறது, கூடவே பின்னணிக் குரலும் கொடுக்கிறார். இதனால் ஆல்பம் ஸ்கினர்ட் பக்கம் இருப்பதைவிட, க்ரீம் போன்ற அறுபதுகளின் மூவர் குழுக்களுக்கு நெருக்கமாகிவிடுகிறது. சதர்ன் ராக் என்று எதிர்பார்த்துப் போடுகிறவர்களுக்கு ஏதோ குறைகிறதே என்று தோன்றினால், அந்த இரண்டாவது கிதார்தான் குறைகிறது.

எங்கே சரியாக வரவில்லை? நீளம். ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறது. குறுந்தகடு யுகத்தில் இடம் இருக்கிறது என்பதற்காகவே எல்லோரும் செய்த தவறு. மூன்று பாட்டையாவது எடுத்திருக்கலாம். இரண்டாம் பாதியில் ஒரு கனமான பாட்டு, ஒரு மென்மையான பாட்டு என்று மாறி மாறி அடுக்கப்படும்போது இரண்டு இசையும் கலக்காமல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கலவை பாட்டுக்குள்ளேயே நடக்கும் இடங்களில் ஆல்பம் உயர்கிறது. பாட்டுகளுக்கு இடையே மட்டும் நடக்கும்போது தொகுப்பு போல ஆகிவிடுகிறது.

நியூஜெர்சிக்காரருக்குத் தென் மாநிலங்களின் இசையில் என்ன உரிமை என்ற கேள்வியும் உண்டு. ஒலியைப் பொறுத்தவரை இதில் எனக்குத் தயக்கமில்லை. லூசியானாவின் சதுப்பு நிலத்தைப் பற்றி உலகமே நம்பும்படி பாடிய க்ரீடன்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல் குழு கலிஃபோர்னியாவில் வளர்ந்தது. இசையைக் காதால் கேட்டுக் கற்றவன் அதை வாசிக்கலாம். ஆனால் அடையாளங்கள் வேறு விஷயம். சதர்ன் ராக் குழுக்கள் எழுபதுகளிலிருந்து மேடையில் விரித்த கூட்டமைப்புக் கொடி, 1861 முதல் 1865 வரை அடிமை முறையைக் காக்கப் போரிட்ட மாநிலங்களின் போர்க்கொடி. கலகம், ஊர்ப்பற்று என்று அதற்கு வேறு விளக்கம் கொடுக்கப்பட்டது. ப்ளூஸைத் தந்த கறுப்பின மக்களுக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும் என்று யோசித்தால் அந்த விளக்கம் நிற்காது. இந்த இசையை நேசிக்கிறவன் இதைத் தெரிந்துகொண்டே நேசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வெளிவந்த காலமும் ஆல்பத்துக்குச் சாதகமாக இல்லை. 1994-இல் பெர்ல் ஜாம் போன்ற சியாட்டில் குழுக்களின் இசை எல்லாவற்றையும் மூடியிருந்தது. அதே ஆண்டில்தான் வட கரோலினாவின் கொரோஷன் ஆஃப் கன்ஃபார்மிட்டி 'டெலிவரன்ஸ்' ஆல்பத்தை வெளியிட்டது; அடுத்த ஆண்டு நியூ ஆர்லியன்ஸிலிருந்து டவுன் குழுவின் 'நோலா'. இன்று 'சதர்ன் மெட்டல்' என்று சொன்னால் இந்த இரண்டைத்தான் முதலில் காட்டுவார்கள். அவற்றில் மெட்டல் முதலாளி, சதர்ன் ராக் துணை. ஸாக்கின் ஆல்பத்தில் சரிபாதிப் பங்கு. அதனாலேயே எந்தக் கூட்டத்துக்கும் அது முழுச் சொந்தமாகவில்லை. அந்தக் கோடையில் இங்கிலாந்தின் டோனிங்டனில் நடந்த மான்ஸ்டர்ஸ் ஆஃப் ராக் விழாவில் வாசித்தார்கள், ஆண்டு முடிவதற்குள் குழு கலைந்தது. ஸாக் ஓஸியின் 'ஆஸ்மோசிஸ்' ஆல்பத்தில் மீண்டும் வாசித்தார். 1996-இல் 'புக் ஆஃப் ஷாடோஸ்' என்று மென்மையான பாட்டுகளை மட்டும் தனி ஆல்பமாக்கினார். பிறகு பிளாக் லேபல் சொசைட்டி தொடங்கிக் கனமான பக்கத்தை அங்கே வைத்தார். ஒரே ஆல்பத்தில் இருந்த இரண்டு ஆட்களும் தனித்தனி வீடு போனார்கள் என்றே எனக்குப் படுகிறது. லோமென்ஸோ பின்னாளில் மெகாடெத் குழுவின் பேஸ் கலைஞரானார். 2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாமின் வில்லா பார்க்கில் ஓஸி கடைசியாகப் பாடியபோது பக்கத்தில் நின்றவர் ஸாக். அன்று பாடிய பாட்டுகளில் 'மாமா, ஐயம் கமிங் ஹோம்' இருந்தது.

எப்படிக் கேட்பது? வரிசையாகக் கேட்க வேண்டாம். முதலில் ஆல்மன் பிரதர்ஸின் 'அட் ஃபில்மோர் ஈஸ்ட்' ஆல்பத்தில் 'ஸ்டேட்ஸ்போரோ ப்ளூஸ்' பாட்டை டுவேனின் ஸ்லைடுக்காகக் கேளுங்கள். அடுத்து 'லூசின் யுவர் மைண்ட்', 'ஹார்ஸ் கால்ட் வார்', 'ஹார்வெஸ்டர் ஆஃப் பெய்ன்'. ஒரு நாள் விட்டு 'க்ரை மீ எ ரிவர்', 'ஸ்வீட் ஜீசஸ்'. மீதியை உங்கள் காது தேர்ந்தெடுக்கட்டும். ஹெட்போனில் கேட்பவராக இருந்தால் இரண்டாம் முறை கிதாரை விட்டுவிட்டு டிஷியின் டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள்.

வாங்குவதாக இருந்தால் 1999-இல் இரண்டாவது தகட்டோடு வந்த மறுபதிப்பைத் தேடுங்கள். அதில் மற்றவர்களின் பாட்டுகளை வாசித்திருக்கிறார்கள்: பீட்டில்ஸின் 'கம் டுகெதர்', லெட் செப்பலின் வழியாக ராக் ரசிகர்களுக்குத் தெரிந்த பழைய 'இன் மை டைம் ஆஃப் டையிங்', பிளாக் சாபத்தின் 'தி விஸார்ட்'. சாபத்தின் பாட்டுகளில் எதை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம், ஓஸியின் கிதார் கலைஞருக்கு எல்லாமே கைவந்தவை. எடுத்ததோ முதல் ஆல்பத்திலிருந்து, ஓஸி ஹார்மோனிக்கா ஊதிய, 'எர்த்' நாட்களின் ப்ளூஸ் வாசனை இன்னும் போகாத அந்தப் பாட்டை.